தனி கைடு, தனி வசூல்

மும்பை மாட்டுங்காவில் குடியிருந்தால் ஊரிலிருந்து வருகிறவர்களை எலிபெண்டா தீவுக்குக் கூட்டிப் போவது நம் தலையில்தான் விடியும். சித்தப்பா குடும்பமாக வந்திருக்கிறாரே என்று இந்த முறை தனி கைடு வைத்தோம்.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து லாஞ்சுப் படகில் ஒரு மணி நேரம். குகைக்கு ஏற சுமார் 120 படிகள், இரண்டு பக்கமும் கடைகள். "தெரிந்தவர் கடைதான், சும்மா பாருங்கள்" என்று கைடு வழி முழுக்க ஒரே பாட்டு. மேலே போவதற்குள் சித்தி கையில் பாசிமணி மாலை, பித்தளை ஆமை, இன்னும் என்னென்னவோ.

உள்ளே மூன்று ஆள் உயரத்துக்கு மூன்று முகச் சிவன் சிலை, சதாசிவமூர்த்தி. அந்த அமைதியான நடுமுகத்துக்கு முன்னால் நம்மை நிறுத்தி, "கையை நீட்டுங்கள், சாமி மூக்கைத் தொடுகிற மாதிரி வரும்" என்கிறார் மனுஷன்! கங்காதரர், அர்த்தநாரி, சிதைந்துபோன துவாரபாலகர்கள் எல்லாம் "சிவ்ஜி, சிவ்ஜி" என்று ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது.

போர்த்துகீசியர் இந்தப் பேர் வைக்கக் காரணமான கல் யானை எங்கே என்று சித்தப்பா கேட்டார். கைடு குரங்கைக் காட்டினார். அந்த யானை மும்பையிலேயே பைகுல்லா ராணி பாக் தோட்டத்தில் நிற்கிறது என்று நான்தான் சொன்னேன். அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டார். டிப்ஸ் தனி.