நிட்டினி ஏன் ஓடினார் தெரியுமா அண்ணே?

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். தென்னாப்பிரிக்காவின் கறுப்பின கிரிக்கெட் வீரர் பவுமாவைப் பற்றி நான் போட்ட பதிவின் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

அங்கே கருத்து எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அண்ணன் மாதிரி. மாதிரி என்ன, அண்ணன்தான். "கோட்டாவில் வந்தவனை எதற்கு இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறாய்? விளையாட்டுக்காரன் வாயை மூடிக்கொண்டு விளையாட வேண்டும். முட்டி போடுவது, இனம், நிறம் என்று பேசுவது எல்லாம் அரசியல்" என்று எழுதியிருந்தார். நிறவெறிக்கு எதிராக ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் ஒரு முட்டி போட்டு நிற்பார்களே, அதைச் சொல்கிறார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

நான் எழுதியது கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் கேப்டனாக பவுமா ஆடிய ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான். இரண்டு அணியும் சேர்ந்து நாலு இன்னிங்ஸ் ஆடியதில் ஒரே ஒரு அரைசதம், அதுவும் அவர் அடித்த 55 நாட் அவுட். 124 அடித்தால் போதும் என்று இறங்கிய இந்தியா 93க்கு ஆல் அவுட். நம் ஆட்கள் அவருடைய உயரத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை ஸ்டம்ப் மைக்கில் கேட்டதே, அதை நான் தொடவே இல்லை. பும்ராவும் பந்த்தும் தன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டதாக அவரே பின்னால் எழுதிவிட்டார், அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. ஒரு நல்ல இன்னிங்ஸை நல்ல இன்னிங்ஸ் என்று சொன்னேன். அதற்கு வந்த பதில்தான் "கோட்டா".

சரி, வாயை மூடிக்கொண்டு விளையாடிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மகாயா நிட்டினி. கிழக்கு கேப் மாகாணத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் மாடு மேய்த்த பையன். தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். 1998இல் கேப்டவுனில் இலங்கைக்கு எதிராக முதல் ஆட்டம். 101 டெஸ்ட், 390 விக்கெட். 2003இல் லார்ட்ஸில் ஒரே டெஸ்டில் 10 விக்கெட், அதுவரை எந்தத் தென்னாப்பிரிக்கரும் அங்கே செய்யாதது. 2005இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 13 விக்கெட். இத்தனை வருடமும் அந்த மனிதர் சிரித்த முகத்தோடுதான் ஓடி வந்து பந்து போட்டார். அணிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே பேசவில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். நிட்டினியை எனக்குக் காட்டியதே அவர்தான். கண்மாய்க்குள் தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் எங்களுக்கு கிரிக்கெட். எனக்கு அப்போது பதினாலு வயது. வேகமாகப் போடுவேன், ஆனால் பத்துப் பந்து போட்டால் மூச்சு வாங்கும். அண்ணன்தான் விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவார். "நிட்டினி டீம் பஸ்ல ஏற மாட்டானாம்டா. ஹோட்டல்லேருந்து கிரவுண்டுக்கு ஓடியே போவானாம். மேட்ச் முடிஞ்சதும் திரும்ப ஓடியே வருவானாம். அதான் நாள் பூரா போட்டாலும் அவனுக்கு மூச்சு வாங்கல." அதைக் கேட்ட பிறகு நாங்கள் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு கண்மாய்க்கு ஓடித்தான் போனோம். திரும்பவும் ஓடித்தான் வந்தோம். இரண்டு வருடம்.

2020 ஜூலையில் நிட்டினி தன் நாட்டுத் தொலைக்காட்சியில் பேசினார். எதற்காக ஓடினார் என்று அப்போதுதான் தெரிந்தது. உடற்பயிற்சிக்காக அவர் ஓடவில்லை. பஸ்ஸில் அவர் பின்னால் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்களாம். காலைச் சாப்பாட்டுக்குப் போனால் பக்கத்தில் யாரும் வந்து உட்கார மாட்டார்களாம். சாயங்காலம் சாப்பிடப் போகலாம் வா என்று அறைக் கதவை ஒருவர்கூடத் தட்டியதில்லையாம். அதனால் பையை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். தனிமைக்குப் பயந்து ஓடினேன் என்று சொன்னார். ஜெயித்தால் எல்லாரும் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள், தோற்றால் பழி முதலில் தன் மேல்தான் விழும் என்றும் சொன்னார்.

அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் எதைப் பார்த்து ஓடினோம்?

வாயை மூடிக்கொண்டு விளையாடு என்கிறீர்களே, நிட்டினி வாயை மூடிக்கொண்டுதான் விளையாடினார். என்ன கிடைத்தது அவருக்கு? பக்கத்தில் உட்கார ஒரு ஆள் கிடைத்தாரா?

தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் பால் ஆடம்ஸும் வாயை மூடிக்கொண்டுதான் ஆடினார். தலையை மடக்கிக்கொண்டு போடுவாரே, அவரேதான். அவர் மாதிரி போட்டுக் காட்டாத பையன் தமிழ்நாட்டில் உண்டா? 2021இல் அந்த நாட்டு கிரிக்கெட் வாரியம் இனப்பாகுபாடு பற்றி நியமித்த விசாரணையில் அவர் சொன்னது, ஆட்டம் முடிந்து அணி கூடும்போது அவருடைய தோலின் நிறத்தையும் மலத்தையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துப் பாடுவார்களாம். ஏன் உன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருடைய காதலி கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்ததாம். அந்தப் பாட்டில் தானும் சேர்ந்து பாடியதற்காக, கூட ஆடிய மார்க் பவுச்சர் எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டபோது பவுச்சர் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

அடுத்து, வாயைத் திறந்தவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அதே 2020 ஜூலை. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின வேகப்பந்து வீச்சாளர் லுங்கி நிகிடிக்கு 24 வயது. அவராக எதையும் கிளப்பவில்லை. செய்தியாளர் சந்திப்பில், 'கறுப்பர் உயிர்களும் முக்கியம்' (Black Lives Matter) என்ற இயக்கம் பற்றி உங்கள் அணி பேசுமா என்று ஒரு நிருபர் கேட்டார். அணியாகக் கூடிப் பேசுவோம், இதை உலகம் முழுக்க மற்றவர்கள் எடுத்துக்கொள்கிற மாதிரி நாமும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி பதில் சொன்னார். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை, எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை. பேட் சிம்காக்ஸ், டிப்பனார், ரூடி ஸ்டெய்ன் என்று வரிசையாக முன்னாள் வெள்ளை வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். பண்ணைகளில் கொல்லப்படும் வெள்ளை விவசாயிகளைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். அந்தக் கொலைகளும் கொடுமைதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு 24 வயதுப் பையன் தன் வலியைப் பற்றி ஒரு வரி பேசுவதற்கு முன்னால் ஊரில் உள்ள எல்லா வலியையும் பட்டியல் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டுமா?

ஆக, பேசாத நிட்டினி தனியாக ஓடினார். ஒரு வரி பேசிய நிகிடி அடி வாங்கினார். இதில் எது சரியான வழி என்று சொல்லுங்கள் அண்ணே.

"கோட்டா என்பது உண்மைதானே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மைதான். 2016இல், ஒரு சீசனில் சராசரியாக ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர்களாகவும், அதில் இரண்டு பேர் கறுப்பின ஆப்பிரிக்கர்களாகவும் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கறுப்பின ஆப்பிரிக்கர்கள்தான் அந்த நாட்டு மக்களில் ஐந்தில் நான்கு பங்கு. பதினொரு பேரில் இரண்டு இடம். அந்த இரண்டைத்தான் இத்தனை பேரால் பொறுக்க முடியவில்லை. அதற்கு முன்னால் எண்பது வருடத்துக்கு மேல் அந்த அணி வெள்ளையர்களுக்கு மட்டும் என்று இருந்ததே, அது நூறு சதவீதக் கோட்டா இல்லையா? அதில் ஆடியவர்களின் சராசரிக்குப் பக்கத்தில் யாராவது "கோட்டா" என்று எழுதுகிறார்களா?

தென்னாப்பிரிக்கா நியூசிலாந்திடம் தோற்ற 2015 உலகக்கோப்பை அரையிறுதியை இழுத்திருக்கிறார் இன்னொருவர். வெள்ளையரான கைல் அபாட்டை உட்காரவைத்துவிட்டுக் காயத்திலிருந்து வந்த, வெள்ளையர் அல்லாத பிலாண்டரை ஆடவைத்தார்கள், அதனால்தான் தோற்றார்கள் என்கிறார். அந்தத் தேர்வு சரி என்று நான் சொல்லவில்லை. அபாட்டுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் நானும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவன். கோரி ஆண்டர்சனை ரன் அவுட் செய்ய வேண்டிய இடத்தில் பந்து கையில் இல்லாமல் ஸ்டம்பைத் தட்டியவர் டிவில்லியர்ஸ். கடைசி ஓவரில் எலியட்டிடம் அந்த சிக்ஸரை வாங்கியவர் ஸ்டெயின். இருவரும் நான் உயிராக நினைக்கும் ஆட்டக்காரர்கள். அவர்கள் செய்தது தவறு, விளையாட்டில் நடக்கும் என்று விட்டுவிட்டோம். பிலாண்டர் செய்தது மட்டும் அவருடைய நிறத்தின் தவறாகிவிட்டது.

இதைத்தான் பவுமா 2020 ஜனவரியில், அணியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, சொன்னார். நன்றாக ஆடும்போது யாரும் இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவதில்லை, சரியாக ஆடாதபோது முதல் பேச்சே அதுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். டெஸ்டில் முதல் சதத்துக்கும் இரண்டாவது சதத்துக்கும் நடுவில் அவருக்கு ஏழு வருடம் ஆனது. ஆமாம், 2016இலிருந்து 2023 வரை. அதை மறைக்க மாட்டேன். அந்த ஏழு வருடத்தை வைத்து அவரை விமர்சியுங்கள். அதை யார் வேண்டாம் என்றது? அவருடைய கவர் டிரைவைப் பற்றிப் பேசுங்கள், ஸ்டிரைக் ரேட்டைப் பற்றிப் பேசுங்கள். அவர் எந்த வழியில் உள்ளே வந்தார் என்பதிலேயே ஏன் நிற்கிறீர்கள்?

2025 ஜூன் 14, லார்ட்ஸ். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 282 இலக்கு. தொடைத் தசை பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே மார்க்ரமோடு 147 ரன் கூட்டணி, அவர் பங்கு 66. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்த நாட்டுக்கு ஒரு ஐசிசி கோப்பை. அந்த ஆட்டத்தில் விழுந்த இருபது ஆஸ்திரேலிய விக்கெட்டில் கறுப்பின வேகப்பந்து வீச்சாளர்களான ரபாடாவும் நிகிடியும் எடுத்தது பன்னிரண்டு. அன்றைக்கு "கோட்டாவால் ஜெயித்தார்கள்" என்று ஒருவராவது எழுதினீர்களா?

முட்டி போடச் சொல்லி வெள்ளை வீரர் டி காக்கை மிரட்டியது சரியா என்று கேட்பீர்கள். 2021 டி20 உலகக்கோப்பையில் ஆட்டத்தன்று காலையில் வாரியம் உத்தரவு போட்டது சரியில்லை. ஒத்துக்கொள்கிறேன். மனசுக்குள் இருந்து வர வேண்டியதை உத்தரவாக்கியிருக்கக் கூடாது. அவர் அன்று ஆடாமல் விலகினார், இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டார், அடுத்த ஆட்டத்தில் முட்டி போட்டார். நல்லது. ஆனால் அன்றைக்கு செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னது யார்? பவுமா. டி காக்கின் முடிவை மதிக்கிறோம், அவர் எங்களில் ஒருவர் என்று நிதானமாகப் பேசினார். அந்த நிதானத்தை நிட்டினிக்கோ நிகிடிக்கோ யாராவது காட்டினார்களா என்றுதான் கேட்கிறேன்.

விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். தென்னாப்பிரிக்காவை உலகம் இருபத்தோரு வருடம் ஒதுக்கி வைத்தது நிறவெறி என்ற அந்த அரசியலுக்காகத்தான். பேசில் டி ஒலிவேரா என்ற, வெள்ளையர் அல்லாத தன் மண்ணின் மகனை, இங்கிலாந்து அணி தேர்ந்தெடுத்தது என்பதற்காக, 1968இல் உள்ளே விட மாட்டோம் என்று சொன்ன அரசு அது. தடை நீங்கி அவர்கள் முதலில் ஆடியது எங்கே தெரியுமா? 1991 நவம்பரில், இதே ஈடன் கார்டனில். அந்தப் பதினொரு பேரும் வெள்ளையர்கள். அதே மைதானத்துக்கு ஒரு கறுப்பின கேப்டன் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். நான் எழுதியது அந்தச் சந்தோஷத்தில்தான்.

நம் ஆட்களுக்கு இது புரியாது என்று நான் நினைக்கவில்லை. எல். சிவராமகிருஷ்ணன் 2021இல் சொன்னாரே, வாழ்நாள் முழுக்க நிறத்துக்காகப் பேச்சு வாங்கினேன் என்று, அதுவும் சொந்த நாட்டிலேயே. அபினவ் முகுந்தும் 2017இல் அதைப் பற்றியே எழுதினாரே. மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சமி ஹைதராபாத்துக்கு ஐபிஎல் ஆடியபோது தன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட பெயருக்கு வருடங்கள் கழித்து அர்த்தம் தெரிந்து நொந்துபோனாரே. அப்போதெல்லாம் "ஐயோ பாவம்" என்று பகிர்ந்தவர்கள்தானே நீங்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் முதல் வருடம். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சேர்ந்த இரண்டாவது வாரம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, மெரிட்டா கோட்டாவா என்று கேட்டார்கள். நான் சொன்னேன். மறுநாளிலிருந்து விடுதி மெஸ்ஸில் நான் தட்டை வைத்த மேசையில் மெதுவாக ஆட்கள் குறைந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பிட்டு முடித்த மாதிரி எழுந்து போனார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் காலை ஏழு மணிக்கு மெஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். நாலு வருடமும் அப்படித்தான். எவ்வளவு ஒழுங்கான பையன், சீக்கிரம் எழுந்திருக்கிறான் என்று வார்டன் மற்ற பையன்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்.

நீங்களும் ஒருமுறை சொன்னீர்கள் அண்ணே. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, காலேஜுக்குப் போய் நல்ல பழக்கம் வந்திருக்கு என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தக் "கோட்டா" என்ற வார்த்தையை நீங்கள் பவுமாவுக்குத்தான் எழுதினீர்கள், தெரியும். என்னை நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் படித்தபோது அது பவுமாவிடம் போகவில்லை, என்னிடம்தான் வந்தது.

இதற்குக் கீழே பதில் எழுத வேண்டாம் அண்ணே. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். கண்மாயில் தண்ணீர் கிடக்கும், விளையாட முடியாது. கரை மேலேயே ஓடலாம், காலையில் வந்து கூப்பிடுங்கள்.