பக்கத்து நாடுதானே என்று பில்லைப் பார்க்காமல் கார்டை நீட்டாதீர்கள்

தூர தேசம் போகிறவர்கள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஜப்பானில் டிப்ஸ் வைத்தால், நாம் பணத்தை மறந்துவிட்டுப் போனதாக நினைத்து ஊழியர் பின்னாலேயே ஓடிவரக்கூடும் என்பது அங்கே முதல் தடவை போகிறவருக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்து நாட்டுக்குப் போகிறவர்தான் எதையும் விசாரிப்பதில்லை. பேச்சு புரிகிறது, கடைப் பெயர்கள்கூடப் பழகியவை, இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்ற தைரியம். பில் வரும்போதுதான் திணறல் ஆரம்பிக்கிறது.

டிப்ஸ் என்பது நம் தாராள மனசைக் காட்டும் விஷயம் இல்லை என்பது என் கட்சி. அந்த ஊரில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் எப்படி வருகிறதோ, அதோடு ஒட்டியது அது. எல்லையைத் தாண்டினால் கூலிச் சட்டம் மாறுகிறது. நம் கைப்பழக்கமும் மாறத்தான் வேண்டும்.

அமெரிக்காவையும் கனடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுத்தாக வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்து மத்தியக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்தப் பாகுபாடே வேண்டாமென்று முழுக் கூலி கொடுக்கின்றன. மற்ற பல மாநிலங்களில் நாம் வைக்கும் 20 சதவீதம்தான் அவருடைய சம்பளத்தில் பெரும்பகுதி. அந்த முறையே அநியாயம் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன். அதற்காகப் பரிமாறியவரை வெறுங்கையோடு விட்டுவிட்டு எழுந்து வருவதை என்னால் ஏற்க முடியாது. சட்டத்தை எழுதியவர் அவர் இல்லையே.

நயாகரா பாலத்தைத் தாண்டினால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். மது பரிமாறுகிறவர்களுக்கு அங்கே இருந்த தனிக் குறைந்த கூலியை 2022 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். இப்போது மற்றவர்களுக்கு உள்ள அதே குறைந்தபட்சக் கூலிதான் அவர்களுக்கும். ஆனால் டிப்ஸ் எதிர்பார்ப்பு மட்டும் இம்மியும் குறையவில்லை. கார்டு மெஷின் 18, 20, 22 என்று வரிசையாகக் காட்டும், அதையும் பல இடங்களில் வரி சேர்த்த தொகைக்கே கணக்கிடும். டிப்ஸ் ஊழியர்களுக்குத் தனிக் கூலி இன்னும் உள்ள கியூபெக் மாகாணத்தில், வரிக்கு முந்தைய தொகையை வைத்துத்தான் மெஷின் கேட்க வேண்டும் என்ற சட்டமே 2025-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒன்டாரியோவில் நான் 15-க்கு மேல் போவதில்லை. வேறு தொகையைத் தட்டும் பட்டன் அதே மெஷினில் இருக்கிறது. ஊழியர் பக்கத்தில் நிற்கிறாரே என்று கூசத் தேவையில்லை. கவுன்டரில் நாமே எடுத்துக்கொண்டு போகும் காபிக்கும் அதே திரை வருகிறது. அங்கே பூஜ்யம் போட்டாலும் குற்றமில்லை.

ஐரோப்பாவில், ஜெர்மனி எல்லையை ஒட்டியிருக்கும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் இன்னொரு நல்ல உதாரணம். சுவிட்சர்லாந்துப் பக்கம் பரிமாறும் கூலி 1974 முதலே விலையில் அடக்கம். சில்லறையைச் சரிக்கட்டி முழுத் தொகையாகக் கொடுத்தால் போதும். டிராமில் ஏறி ஜெர்மனிப் பக்கம் இறங்கினால் 5 முதல் 10 சதவீதம் வழக்கம். அங்கே மேஜையில் விட்டுவிட்டு வருவதைவிட, பணம் கொடுக்கும்போதே மொத்தம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று வாயால் சொல்லிவிடுவார்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் என்ன செய்வது? சிங்கப்பூரில் பல உணவகங்கள் 10 சதவீதம் போட்டு, அதற்கும் சேர்த்து வரி வாங்குகின்றன. அதற்கு மேல் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. அந்த 10 சதவீதம் ஊழியர் கைக்குப் போகிறதா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்க ஊழியர்களுக்கே சேர வேண்டும் என்பது சட்டம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ‘இது உங்களுக்கு வருமா?’ என்று ஊழியரிடமே மெதுவாகக் கேட்டுவிடலாம். யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று. கார்டு மெஷின் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?’ என்று பணிவாகக் கேட்கும். பழகிய பணத்தில் தொகையைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதி, உடனே சரி என்று அழுத்திவிடுவோம். அந்த நிம்மதிக்குத்தான் விலை. அப்போது மாற்று விகிதத்தை முடிவு செய்வது நம் வங்கியோ கார்டு நிறுவனமோ அல்ல, கடைக்கு மெஷின் கொடுத்தவர்கள். அவர்கள் பங்கும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். அது எத்தனை சதவீதம் என்று காட்டியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இலிருந்து கட்டாயப்படுத்தியிருக்கிறது. உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கதைதான். மாற்றம் வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம்.

எல்லையோர ஊர்க் கடைகளில் பக்கத்து நாட்டு நோட்டை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் விகிதம் கடைக்காரர் சொல்வதுதான், மீதி வருவதும் உள்ளூர்ப் பணத்தில். சிங்கப்பூர் டாலரும் புருணை டாலரும் 1967 முதல் ஒன்றுக்கொன்று சம மதிப்பில் செல்லும் என்பதெல்லாம் அபூர்வமான ஏற்பாடு. அதை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், அறையைச் சுத்தம் செய்கிறவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் நம் ஊர்ச் சில்லறைக் காசைக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பணம் மாற்றும் கடைகள் பொதுவாக நோட்டைத்தான் வாங்கும், வெளிநாட்டு நாணயத்தைத் தொடாது. டிப்ஸ் வழக்கமுள்ள நாடாக இருந்தால், உள்ளூர்ச் சின்ன நோட்டுகள் கொஞ்சம் முதல் நாளே மாற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.