தேடிய இடம் எது என்பது ராணுவ ரகசியமா?

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. அந்திரேயாவின் திருநாள். பேதுருவின் சகோதரர், அவரும் வலை வீசியவர்தான். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று காலையில்தான் ஒக்கி புயலாக உருவெடுத்தது, கன்னியாகுமரிக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில். புயல் என்ற சொல் எங்கள் காதில் விழுந்தபோது மரங்கள் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தன. ஆழ்கடலுக்குத் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர்கள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தார்கள்.

எச்சரிக்கை ஏன் தாமதமானது என்பதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் எழுத நினைப்பது அதற்குப் பிறகு காணாமல் போன மீனவர்களைத் தேடிய பத்து நாட்களைப் பற்றி.

என் அம்மா வீடு கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரைச் சுற்றியுள்ள எட்டுக் கடற்கரை ஊர்களில் ஒன்று. டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே பங்கு அலுவலகத்தில், அதாவது ஊர்க் கோவிலின் அலுவலகத்தில், உட்கார்ந்து காணாமல் போனவர்களின் பெயர் எழுதியவர்களில் நானும் ஒருவர். ஆங்கிலம் தெரியும், கணினியில் தட்டச்சு செய்யத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. நீள நோட்டு ஒன்றில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு ஐந்து பத்திகள் பிரித்தோம். படகின் பெயர், பதிவு எண், ஆட்கள், கடைசியாக ஒயர்லெஸ்ஸில் பேசிய நாள், அப்போது படகு நின்ற இடம்.

அந்த ஐந்தாவது பத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். நிரம்பிவிட்டது. கரைக்குத் திரும்பியிருந்த படகோட்டிகள் வந்து சொல்லச் சொல்ல எழுதினோம். ‘இந்தப் படகு செவ்வாய்க்கிழமை மாலை எங்களுக்கு மேற்கே நின்றது, எங்கள் எண் இது’ என்று அட்சரேகை தீர்க்கரேகையைப் பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்கள். ஒயர்லெஸ் ஒலி வெகுதூரம் போகாது. ஆனால் ஒரு படகு அடுத்த படகுக்கும், அது அதற்கடுத்த படகுக்கும் சொல்லும். அப்படிக் கைமாறி வந்த செய்திகள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன.

வயதான படகோட்டி ஒருவர், எல்லோரும் பாட்டா என்றுதான் கூப்பிடுவார்கள், நோட்டைத் தம் பக்கம் திருப்பினார். யாரோ ஒரு மாணவனின் அட்லஸைக் கேட்டு வாங்கினார். இரண்டு மூன்று இடங்களில் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளிலிருந்து வடமேற்காக, லட்சத்தீவுப் பக்கமாக, பென்சிலால் கோடு இழுத்தார். “கவிழ்ந்த படகு நின்ற இடத்தில் நிற்காது மக்களே. காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போயிருக்கும். நேற்று இங்கே என்றால் இன்றைக்கு இங்கே தேட வேண்டும், நாளைக்கு இதோ இங்கே” என்றார். அடுத்த நாட்களில் லட்சத்தீவுத் தீவுகளில் நம்மவர்கள் கரையேறிய செய்திகள் வந்தன.

நோட்டைப் படம் எடுத்தோம், தட்டச்சு செய்தோம், அனுப்பினோம். ஒரு கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் பிடித்து, எந்தப் பகுதியில் தேடுகிறார்கள் என்று கேட்டேன். “தேடுதல் நடந்துகொண்டிருக்கிறது” என்று பதில் வந்தது. எந்தப் பகுதியில் என்று மறுபடியும் கேட்டேன். “அதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை.” யாருக்கு அதிகாரம் என்று கேட்டேன். இணைப்பை இன்னொருவருக்கு மாற்றினார். அவர் என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார்.

எங்கள் கைக்கு வந்த செய்திக் குறிப்புகளில் எத்தனை கப்பல், எத்தனை விமானம், எத்தனை பேர் மீட்பு என்று இருந்தது. எங்கே என்பது இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு வேண்டியிருந்தது அந்த எங்கே மட்டும்தான். “என் மாப்பிள்ளை நின்ற பக்கம் போனார்களா, இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு மக்களே” என்று ஒரு அக்கா கேட்டார். மூன்று நாளும் அதே கேள்வி.

தேடுதலில் ஈடுபட்ட மாலுமிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடலில் இறங்குவதற்கே நெஞ்சுரம் வேண்டும். அரக்கோணம் ராஜாளி தளத்தின் பி-8ஐ ரகக் கண்காணிப்பு விமானங்கள் பறந்தன. அந்த விமானத்தின் ரேடார் எவ்வளவு தொலைவு பார்க்கும், எதைப் பார்க்கும் என்பது ரகசியம். ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது தெரியவே வேண்டாம். ஆனால் இன்று எந்தச் சதுரத்தில் தேடினோம், நாளை எந்தச் சதுரத்துக்குப் போகிறோம் என்பது எந்த எதிரிக்கு என்ன பயன் தரும்? பட்டப்பகலில் தலைக்கு மேலே பறக்கும் விமானத்தை அந்தப் பக்கம் போகும் எல்லாச் சரக்குக் கப்பல்களும்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ராணுவத்தில் தகவலுக்குத் தரம் உண்டு. அதி ரகசியம், ரகசியம், அந்தரங்கம், கட்டுப்பாட்டுக்குரியது என்று படிப்படியாக இறங்கும். இதில் எதிலும் சேராததுதான் மீதி எல்லாம். பேரிடர் நேரத்தில் படைகளிடம் உள்ள தகவலில் பெரும்பகுதி அந்த மீதிதான் என்பது என் துணிபு. எந்தப் பாலம் உடைந்தது, எங்கே கூரை மேல் ஆள் நிற்கிறார்கள், எந்தப் பகுதியைத் தேடி முடித்தாயிற்று. இவற்றின் மேல் எந்த முத்திரையும் குத்தப்படவில்லை. ஆனாலும் வெளியே வருவதில்லை. வெளியிடக் கூடாது என்று யாரும் ஆணையிடவில்லை. வெளியிடலாம் என்றும் யாரும் எழுதித் தரவில்லை. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, எழுதித் தராததைச் செய்ய எந்தக் குமாஸ்தா துணிவார்? பேசாமல் இருந்ததற்காக யாருக்கும் வேலை போனதில்லை.

சுனாமி அன்றைக்கு நடந்ததைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, காலை 6.29-க்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம். கார் நிகோபாரில் இருந்த விமானப்படைத் தளத்தைக் கடல் மூடியது. அங்கே படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்ற கடைசிச் செய்தி 7.50 அளவில் விமானப்படைக்கு வந்ததாகவும், 8.15-க்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னதாகவும் அன்றைய விமானப்படைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமி பின்னர் சொன்னார். சென்னையை அலை அடித்தது ஒன்பது மணி வாக்கில். கொளச்சலுக்கு அதன் பிறகும் நேரம் இருந்தது. வானிலைத் துறை அனுப்பிய ஃபேக்ஸோ, பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சர் முரளி மனோகர் ஜோஷியின் வீட்டுக்குப் போனது. நகைச்சுவைக் காட்சியாக எழுதினால் மிகை என்று அடித்துவிடுவோம்.

அன்றைக்கு சுனாமி என்ற சொல்லே பலருக்குத் தெரியாது, இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை மையமும் இல்லை. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007-இல். அதெல்லாம் சரி. ஆனால் ஒரு விமானப்படைத் தளம் தண்ணீருக்குள் போகிறது என்ற செய்தியில் ரகசியம் எங்கே இருக்கிறது? அந்தச் செய்தி மேல் நோக்கி ஏறியது, படிப்படியாக, முறைப்படி. பக்கவாட்டில் நகரவில்லை. நாகப்பட்டினம் ஆட்சியரின் தொலைபேசி எண் விமானப்படையின் மேசையில் இருந்திருக்க வேண்டும் என்று யாரும் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல்.

ஒக்கியின்போது பட்டியல் குழப்பமும் இதோடு சேர்ந்துகொண்டது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை தமிழ்நாட்டில். வேலை செய்யும் படகு கேரளத்தில் பதிவானது, கொச்சியிலிருந்து புறப்பட்டது. வழிபடும் கோவில் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, ஆம், தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் எங்கள் ஊர்கள் அந்த மறைமாவட்டம்தான். இப்போது இவர் எந்தப் பட்டியலில் வருவார்? மூன்றிலும் வந்தார். சிலர் எதிலும் வரவில்லை. ஊருக்கு ஆறு அந்தோணி, எட்டு ஜோசப். கோவில் ஏட்டில் சேசு என்றிருப்பவர் ஆதாரில் யேசு, படகு உரிமையாளரின் கணக்கில் இயேசு. ஆங்கிலத்துக்குப் போனால் மூன்றும் வேறு வேறு முதலெழுத்து. காணாமல் போனவர் எத்தனை பேர் என்று அரசு ஒன்று சொன்னது, ஊர்கள் வேறொன்று சொன்னன.

டிசம்பர் 2 அன்று மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் ஒரு செய்தி வெளியிட்டார். சிந்துதுர்க் மாவட்டம் தேவ்கட் துறைமுகத்தில் 68 படகுகளில் 952 மீனவர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள், 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள் என்று. தொலைக்காட்சியில் இதைப் பார்த்த எங்கள் பக்கத்துப் பெண்கள் ‘இரண்டுதானா’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் கேரளப் படகுகளில் நம்முடைய ஆட்களும் இருந்திருப்பார்களே என்று நாங்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். 952 பெயர்களும் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் எங்கள் நோட்டோடு ஒத்துப்பார்த்திருப்போம். எண்ணிக்கை வந்தது, பெயர்கள் உடனே வரவில்லை. ஒருவர் அங்கே ஏதோ ஒரு கடையிலிருந்து போன் செய்து, தான் உயிரோடு இருப்பதையும் தன்னோடிருந்த பதினோரு பேரின் பெயரையும் சொன்ன பிறகுதான் பன்னிரண்டு வரிகளை அடித்தோம். அந்தப் பன்னிரண்டு வரிகளை நான் அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த் தேடுங்கள் என்பது அன்றைய குரல்களில் ஒன்று. பிறகு கடற்படை சில கப்பல்களில் மீனவர்களை ஏற்றிக்கொண்டது. நல்ல காரியம். முதல் நாளே செய்திருக்கலாம் என்று சொல்வது எளிது. ஆனால் முதல் நாளே செய்யத் தடையாக இருந்தது என்ன என்பதை யாராவது எழுதி வைத்தார்களா?

வேறு வழியில் செய்ய முடியும் என்பதற்கு ஹைட்டி ஒரு சான்று. அமெரிக்க ராணுவத்தைப் புகழ்வது என் வேலை அல்ல, ஹைட்டிக்காரர்களைக் கேட்டால் வேறு கதைகளும் சொல்வார்கள். ஆனாலும் 2010 ஜனவரி 12-இல் நிலநடுக்கம் வந்தபோது அவர்களுடைய தெற்குக் கட்டளையகம் ஒன்றைப் புரிந்துகொண்டது. ரகசிய வலையமைப்பில் வைத்த தகவலை ஐ.நா. அதிகாரியோ தொண்டு நிறுவன மருத்துவரோ பார்க்க முடியாது. ஆகவே ‘ஏபான்’ என்ற, ரகசியத் தரம் இல்லாத தளத்தில் தகவலைப் போட்டு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். குளோபல் ஹாக் என்ற ஆளில்லா உளவு விமானம் எடுத்த படங்களைக்கூட வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம் மக்கள் 4636 என்ற எண்ணுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தன்னார்வலர்கள் வரைபடத்தில் ஏற்றினார்கள். விமானத்தின் திறன் ரகசியமாகவே இருந்தது, படம் மட்டும் வெளியே வந்தது. இந்தப் பிரிவினையைத்தான் நான் கேட்கிறேன்.

நம் ஊரில் வரைபடத்துக்கே பெரும் பாடு. நாட்டின் அளவைத் துறை வரைபடங்களைப் பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று 2005-இல் பிரித்தார்கள். கட்டுப்பாடுகளைப் பெரிதாகத் தளர்த்தியது 2021-இல். இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஊர்க் கோவில் கோபுரத்தை உலகமே செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்கள் கடலோரப் பாதுகாப்பின் கண்களும் காதுகளும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கைரேகை வைத்த அடையாள அட்டை கொடுத்தார்கள். சந்தேகப்படும்படி படகு தெரிந்தால் 1093-க்குச் சொல் என்கிறார்கள், சொல்கிறோம். தகவல் எங்களிடமிருந்து போகும்போது அது உளவு, மதிப்பு மிக்கது. புயலில் அதே மீனவன் ‘எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் நிற்கிறார்கள்’ என்றால் அது வதந்தி, சரிபார்க்கப்பட வேண்டியது. கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டவர்கள் வாயை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்திருக்கின்றன. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவியை 2019-இல் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். வரவேற்கிறேன், மனதார. படகு நிற்கும் இடம் இனி திரையில் தெரியும். யாருடைய திரையில் என்பதுதான் என் கேள்வி. புயல் நாளில் அந்தத் திரையில் தெரிவதை மீன்வளத் துறையோ கடலோரக் காவல் படையோ பங்கு அலுவலகத்துக்கும் ஊர்த் தலைவருக்கும் காட்டலாமா, கூடாதா? புயல் வந்த பிறகு அதை முடிவு செய்ய உட்கார்ந்தால் என்ன பதில் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். மழைக்காலத்துக்கு முன்பு மாவட்ட ஆட்சியரும் கடற்படையும் கடலோரக் காவல் படையும் கையெழுத்திட்டது. புயல் எச்சரிக்கை விடுத்த நிமிடத்திலிருந்து தேடும் பகுதி, தேடி முடித்த பகுதி, கரை சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஆகிய மூன்றையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியிடலாம் என்று அதில் இருக்கட்டும். பெயரை ஒரே முறையில் எழுத ஒரு படிவம், அதில் படகின் மாநிலத்துக்கும் ஆளின் மாநிலத்துக்கும் தனித்தனிக் கட்டம். கட்டுப்பாட்டு அறையில் ஒயர்லெஸ் பேசத் தெரிந்த படகோட்டி ஒருவருக்கு ஒரு நாற்காலி. செலவு என்று பார்த்தால் நாற்காலிக்கு மட்டும்தான்.

அந்த நீள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிக்காத வரிகளும் அதில் இருக்கின்றன. சுற்று ஊர்களில் அதுபோல் நோட்டு எழுதியவர்கள் இதைப் படித்தால், உங்களுடையதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஐந்தாவது பத்தியை மட்டுமாவது படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிவிட்டு, அன்றைக்கு யார் எங்கே தேடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன்.