கையேடும் கால் போன போக்கும்

பயணக் கையேட்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களைக் கேலி செய்வது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. "நான் கால் போன போக்கில் போகிறவன்" என்கிறார்கள். போகட்டும். ஆனால் கைபேசி காட்டிய பாதையில் நடந்து, முன்பின் தெரியாதவர்கள் நட்சத்திரம் போட்டு உயர்த்திய இடத்தில்தான் அவர்களும் சாப்பிட உட்காருகிறார்கள். கையேட்டிலாவது எழுதியவரின் பெயர் இருக்கும். பிடிக்காவிட்டால் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைப்பார்.

எனக்குக் கையேட்டோடு உள்ள சண்டையும் அந்த நட்சத்திரத்தைப் பற்றியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கார்ல் பேடெக்கர், தவறவிடக்கூடாத இடங்களுக்குத் தம் கையேடுகளில் நட்சத்திரக் குறி போட்டார். நேரமில்லாதவருக்கு அது உதவிதான். ஆனால் குறியைப் பார்த்த பிறகு, எது நல்லது என்று கண் தானாக முடிவு செய்வதில்லை. (1942இல் ஜெர்மன் விமானங்கள் பாத், யார்க், கேன்டர்பரி போன்ற பழைய ஆங்கில நகரங்களில் குண்டு வீசியபோது, கையேட்டின் நட்சத்திரங்களைப் பார்த்து இலக்குகளைத் தேர்ந்ததாகப் பேச்சு எழுந்ததால், அந்தத் தாக்குதல்களுக்குப் பேடெக்கர் பெயரே ஒட்டிக்கொண்டது. பாவம், மனிதர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.)

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசா இருக்கும் கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள படம். அதன் முன்னால் கைபேசிகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கூட்டம். நேர் எதிர்ச் சுவரில், ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்தில், இத்தாலிய ஓவியர் வெரோனேசே தீட்டிய கானா ஊர்த் திருமணம். இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய அந்த விருந்தில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். நடுவில் இசைக் கலைஞர்கள். வலப்பக்கம் ஒருவர் கிண்ணத்தைத் தூக்கி மதுவின் நிறத்தை ஆராய்கிறார். கீழே ஒரு பூனை மல்லாந்து கிடந்து ஜாடியைப் பிறாண்டுகிறது. இத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கூட்டம் நிற்கிறது.

நம் ஆற்றுப்படைப் புலவர்களுக்கு வழிகாட்டத் தெரிந்திருந்தது. சங்க நூலான மலைபடுகடாத்தில், நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வருகிறவர்களுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழி, யானையை விரட்டக் குறவர் எறியும் கவண்கல் என்று விலக வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறான். மலையின் அழகையும் சொல்கிறான், ஆனால் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை.

கையேட்டில் நான் தேடுவதும் அதைத்தான். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பகுதியில் இருட்டிய பின் நடக்கக்கூடாது, புதியவரை எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள், எந்த நாள் விடுமுறை. எதை ரசிப்பது என்பது என் பாடு. லூவர் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். அதை வாசலில் போய் நின்றுதான் தெரிந்துகொள்வேன் என்பவரை நான் தடுக்கவில்லை. அதற்குச் சாகசம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.