கடல் அனிமோன் நமக்குக் கீழே இல்லை

மரபணுக்களின் பரிணாமம் குறித்து நாம் கேட்ட அந்த உரையைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அதில் காட்டிய ஏணிப் படம்தான் என் பிரச்சினை. கீழ்ப்படியில் கடல் அனிமோன் (பூப்போல விரிந்திருக்கும் எளிய கடல் விலங்கு), நடுவில் புழுவும் பழ ஈயும், உச்சியில் மனிதன். படி ஏற ஏற மரபணுக்களில் இன்ட்ரான் கூடிக்கொண்டே போகிறதாம். இன்ட்ரான் என்றால் மரபணுவின் நடுநடுவே வரும் துண்டு; மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலிலிருந்து, புரதம் உருவாகும் முன் அது வெட்டி நீக்கப்படும். அனிமோனில் குறைவு என்று எப்படித் தெரியும் என்று எழுந்து கேட்டேன். உரையாளரிடமிருந்து வந்த பதில் உங்களுக்கே தெரியும்: "ஈயிலேயே கம்மி, அனிமோன்ல எங்கேருந்து வரும்?" அரங்கமே சிரித்தது. அடுத்த ஸ்லைடு.

நெமாட்டோஸ்டெல்லா என்ற கடல் அனிமோனின் மரபணுத்தொகை, அதாவது அதன் முழு டி.என்.ஏ. வரிசை, 2007-லேயே வெளியாகிவிட்டது. ஏறக்குறைய 45 கோடி எழுத்துகள். நம் மரபணுக்களோடு ஒப்பிட முடிகிற பகுதிகளில், நம் இன்ட்ரான்களில் சுமார் 80 சதவீதம் அதிலும் இருக்கின்றன. அதே இடத்தில். அப்படியென்றால் அவை நமக்கும் அனிமோனுக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்தவை. ஏணி ஏறி நாம் சேர்த்தவை அல்ல. ஈதான் பின்னால் நிறையத் தொலைத்தது. உடல் எளிது என்றால் மரபணுவும் எளிது என்று அர்த்தமில்லை.

இது நான் ஏட்டில் மட்டும் படித்த விஷயம் இல்லை. மாணவப் பருவத்தில் ஒரு மரபணுவின் மனித வரிசையையும் அனிமோன் வரிசையையும் அச்செடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, இன்ட்ரான் விழும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். அமினோ அமிலங்கள் நிறைய மாறியிருந்தன. கோடுகள் நேருக்கு நேர் நின்றன. ஓர் இடத்தில், ஒரு கோடானின் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துத் தொகுதி) முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் நடுவே வெட்டு. கீழே அனிமோனிலும் அதே இரண்டு எழுத்துக்கு நடுவே. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் தாளை நீட்டியபோது வழிகாட்டி சொன்னது: "அனிமோனை வச்சு என்ன பண்ணப் போற?" இத்தனை வருடம் கழித்தும் அது வலிக்கிறது. அன்று அரங்கில் எழுந்த சிரிப்பில் அதே குரல்தான் கேட்டது.

"இன்ட்ரான் வெட்டி எறிகிற குப்பைதானே, எங்கே இருந்தால் என்ன?" என்பீர்கள். சரி, வெட்டத்தான் படுகிறது. ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்து வெட்டுகின்றன. ஓர் எழுத்து தவறினால் புரதமே பாழ். குப்பை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கோடிக்கணக்கான ஆண்டுகள் இடம் மாறாத குப்பை ஒரு சாட்சி.

"இரண்டு கிளையிலும் தனித்தனியாக அதே இடத்தில் நுழைந்திருக்கலாமே?" ஒன்றிரண்டு நுழையலாம். இத்தனை நுழையாது.

ஈ தொலைத்தது என்பதற்கு ஆதாரம் கேட்டால், அது நியாயமான கேள்வி. பிளாட்டினெரெய்ஸ் என்ற கடற்புழுவின் மரபணுக்களை 2005-இல் பார்த்தபோது, மனிதனைப் போலவே இன்ட்ரான்கள் நிறைந்திருந்தன, பெரும்பாலும் அதே இடங்களில். மனிதனிலும் கடற்புழுவிலும் அனிமோனிலும் இருப்பது ஈயில் மட்டும் இல்லையென்றால் யார் தொலைத்தது? தொலைப்பதற்கு வழியும் இருக்கிறது. வெட்டி ஒட்டி முடிந்த ஆர்.என்.ஏ., திரும்ப டி.என்.ஏ.வாக நகலாகிப் பழைய மரபணுவின் இடத்தில் உட்கார்ந்தால் இன்ட்ரான் போயே போய்விடும்.

அப்புறம் ஓய்க்கோப்ளூரா என்ற, தலைப்பிரட்டை போன்ற சின்னக் கடல் உயிரி. அனிமோனைவிட, ஈயைவிட நமக்கு நெருங்கிய உறவு. மரபணுத்தொகையோ வெறும் 7 கோடி எழுத்துகள்தான். பழைய இன்ட்ரான்களில் பெரும்பகுதியை இழந்து, புது இடங்களில் புதிதாகப் பெற்றிருக்கிறது. அந்த ஏணியில் இதை எந்தப் படியில் நிறுத்துவார்கள்?

"கீழ்நிலை உயிரி" என்று இனி யாரும் என் முன்னால் சொல்லாதீர்கள். அனிமோனும் நம்மைப் போல அத்தனை காலமும் பிழைத்து வந்த உயிர். நாம் தொலைக்காததை அதுவும் தொலைக்கவில்லை. அதைக் காலடியில் வைத்து வரைய எப்படி மனம் வருகிறது?

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: என் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவி அந்த ஏணியை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். படி படியாக, ஸ்கேல் வைத்து. கிளம்பும்போது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "நெமாட்டோஸ்டெல்லா, 2007" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.