54 சதவீதம் போதுமா?

சியாட்டில் மரினர்ஸ் என்று ஓர் அமெரிக்க பேஸ்பால் அணி. அங்கே பெரிய லீகில் மொத்தம் 30 அணிகள். சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை இதுவரை தூக்காத அணிகள் ஐந்து உண்டு. ஆனால் வேர்ல்ட் சீரிஸில் ஓர் ஆட்டம்கூட ஆடாத அணி ஒன்றே ஒன்றுதான். 1977-ல் தொடங்கி இன்றுவரை அந்த வாசலை மிதிக்காத பெருமை எங்கள் மரினர்ஸுக்கு.

மண்டபம் ஊரில் படகு இன்ஜின் சாமான் விற்கிறவன் ‘எங்கள் மரினர்ஸ்’ என்கிறானே என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் சீஃப் இன்ஜினியர் ஒரு ஜப்பான்காரர். மரினர்ஸின் ஜப்பான் ஆட்டக்காரர் இச்சிரோ ஆடும் நாளில் அவரிடம் போய் ஒரு சந்தேகம் கேட்க முடியாது. அவரிடமிருந்து இந்தப் பித்து எனக்கு ஒட்டிக்கொண்டது. கப்பலை விட்டு வந்தபிறகும் இது விடவில்லை. சியாட்டிலில் ராத்திரி 7.10-க்கு ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் காலை 7.40. கடையைத் திறந்து, சாமிக்குப் பத்தி கொளுத்தி, போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைக்கச் சரியாக இருக்கும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். சாமானுக்குக் காத்திருக்கும் மெக்கானிக் பையன்கள் சிலர் என் கடையிலேயே பேஸ்பால் படித்துவிட்டார்கள். ‘அண்ணே, இது நம்ம கிட்டிப்புள்ளுதானே’ என்று ஆரம்பித்தவர்கள் இப்போது அம்பயரைத் திட்டுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம், 2025 தீபாவளிக்கு மறுநாள் காலை ஐந்தரை மணி. டொரன்டோ புளூ ஜேஸுடன் அரையிறுதித் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஏழாவது இன்னிங்ஸுக்குள் போகும்போது நாங்கள் 3-1 என்று முன்னால் இருக்கிறோம். ஹூலியோ ரோட்ரிகஸ் ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்து சுவரைத் தாண்டுவது), கால் ராலி ஒரு ஹோம் ரன். எதிரணிக்கு மிச்சம் ஒன்பது அவுட். அப்போது பந்து போட்டுக்கொண்டிருந்த பிரையன் வூ தப்பான பந்துகளைப் போட்டு ஒருவனைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டார், அடுத்தவன் அடித்து பேஸுக்குப் போனான். மேனேஜர் (நம்ம கோச் மாதிரி) டான் வில்சன் வெளியே வந்து எட்வார்ட் பசார்டோவைக் கூப்பிட்டார். எதிரே ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர். பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று ரன். 4-3. ஆட்டம் அப்படியே முடிந்தது. கடைசி அவுட்டாக ஹூலியோ ஸ்ட்ரைக் அவுட் ஆனபோது அடுத்து ஆட பேட்டோடு நின்றது யார் தெரியுமா? அந்த சீசனில் 60 ஹோம் ரன் அடித்த கால் ராலி.

அன்றிலிருந்து மரினர்ஸ் ரசிகன் ஒவ்வொருவனும் கேட்பது ஒரே கேள்வி: அணியின் முதல்தர க்ளோசர் (ஆட்டத்தை முடித்து வைக்கப் பந்து போடுகிறவர்) ஆந்த்ரேஸ் முன்யோஸ் மாற்று ஆட்கள் காத்திருக்கும் புல்பெனில் இருக்கும்போது பசார்டோ எதற்கு? எனக்கும் அதே கோபம்தான். க்ளோசரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்று பொத்திப் பொத்தி வைப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான், சட்டம் கிடையாது. ஏழாவதில் தோற்கப்போகிற ஆட்டத்துக்கு ஒன்பதாவது இன்னிங்ஸ் எதற்கு? வில்சன் செய்தது தப்பு, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த ஒரு பந்தோடு கணக்கை முடித்துக்கொண்டால் உண்மையான பொறுப்பாளிகள் தப்பித்துப் போய்விடுவார்கள். என் கோபம் மேனேஜரைவிட மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல்தான்.

2023 சீசன் முடிந்ததும் அணியின் தலைமை நிர்வாகி ஜெர்ரி டிபோட்டோ பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒரு கணக்குச் சொன்னார். பத்து வருஷத்துக்குச் சராசரியாக 54 சதவீத ஆட்டங்களை ஜெயித்துக்கொண்டே போனால் வேர்ல்ட் சீரிஸ் ஒரு நாள் தானாக வரும் என்கிற மாதிரி. பொறுமையாக இருக்கச் சொல்வதே ரசிகர்களுக்கு நாங்கள் செய்கிற உபகாரம் என்ற தொனியில் இன்னொரு வார்த்தையும் விட்டார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். கேட்டு என்ன, மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சீசனின் 162 ஆட்டத்தில் 54 சதவீதம் என்றால் சுமார் 88 வெற்றி. அவர் பேசிய அதே 2023-ல் மரினர்ஸ் ஜெயித்தது எத்தனை? சரியாக 88. அக்டோபரில் நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குப் போனார்களா? இல்லை. ஒரே ஓர் ஆட்டத்தில் போச்சு. மறுவருஷம் 85 வெற்றி, அப்போதும் ஒரே ஓர் ஆட்டத்தில் போச்சு. அவர் சொன்ன சூத்திரம் அவர் கண்முன்னாலேயே தோற்றது. ஒரு நல்ல பேட்டரை வாங்கியிருந்தால் அந்த ஓர் ஆட்டம் கிடைத்திருக்காதா? எங்கள் பக்கத்திலும் சில சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், இப்படி உண்டு. படகு மூழ்காத அளவுக்கு மட்டும் செலவு செய்வார்கள். புகை தள்ளுகிற இன்ஜினைக் காட்டி ‘இந்த வருஷம் ஓடட்டும்’ என்பார்கள். மீன்பாடு குறைந்தால் பழி டிரைவர்மேல்.

இந்தப் புத்தி இன்று நேற்று வந்ததல்ல. டிபோட்டோ வருவதற்கு முன்னாலேயே இருந்தது. 2001-ல் இந்த அணி 116 ஆட்டம் ஜெயித்தது. 1906-ல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம். இச்சிரோவுக்கு அமெரிக்காவில் அதுதான் முதல் வருஷம்; புதுமுக விருதும் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் ஒரே வருஷத்தில் வாங்கினார். நியூயார்க் யாங்கீஸிடம் அரையிறுதியில் தோற்றார்கள். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதற்குப்பின் பிளேஆஃப் பார்த்தது 2022-ல். நடுவில் இச்சிரோ 2004-ல் 262 ஹிட் (அடித்து பத்திரமாக பேஸுக்குப் போவது) அடித்து, 1920-லிருந்து நின்ற ஜார்ஜ் சிஸ்லரின் 257-ஐ உடைத்தார். தொடர்ந்து பத்து சீசன், சீசனுக்கு 200 ஹிட்டுக்குக் குறையவில்லை. அந்தப் பத்தில் முதல் வருஷம் தவிர மற்ற ஒன்பதிலும் அணி அக்டோபரில் வீட்டில் உட்கார்ந்திருந்தது. (2025-ல் பேஸ்பால் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்பில் 394-ல் 393 ஓட்டு வாங்கினார். போடாத அந்த ஒரு புண்ணியவானை வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரிக்க ஆசை என்று இச்சிரோ சொன்னது தனி அழகு.)

இச்சிரோவாவது மரினர்ஸ் சட்டையில் ஒருமுறை பிளேஆஃப் பார்த்தார். எங்கள் பிட்சர் (பந்து போடுகிறவர்) ஃபீலிக்ஸ் எர்னாண்டஸை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 2012 ஆகஸ்ட் 15, டாம்பா பே அணிக்கு எதிராக பெர்ஃபெக்ட் கேம் போட்டவர். வந்த 27 பேரில் ஒருவன்கூட முதல் பேஸைத் தொடவில்லை. அன்றைய ஸ்கோர் என்ன? 1-0. பந்து போடுகிறவன் மனிதனால் முடிந்த உச்சத்தைத் தொட்ட நாளிலும் அணி எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு ரன். 2010-ல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினாரே, அந்த வருஷம் அவர் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி. லீகிலேயே சிறந்தவனுக்கு ஏன் 12 தோல்வி? அவர் விட்டுக்கொடுத்த ஒன்றிரண்டு ரன்னைக்கூட அணி திருப்பி எடுக்கவில்லை. 2005 முதல் 2019 வரை 15 சீசன் மரினர்ஸுக்கே ஆடினார். நல்ல சம்பளம் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டவில்லை. ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூடப் பந்து போடாமல் அணியை விட்டுப் போனார்.

2025-ல் என்ன மாறியது? ஜூலைக் கடைசியில் பணப்பையைத் திறந்தார்கள். அரிசோனாவிலிருந்து ஜாஷ் நெய்லர், அப்புறம் எவ்ஹெனியோ சுவாரெஸ் இருவரையும் கொண்டுவந்தார்கள். 2001-க்குப் பிறகு முதல்முறையாக டிவிஷன், அதாவது எங்கள் பிரிவின் முதலிடம், கையில் வந்தது. டொரன்டோவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தது யார்? அதே சுவாரெஸ். வாங்கினால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதற்கு முந்தைய டெட்ராய்ட் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு கேட்காது. கடைசி ஆட்டம் 15 இன்னிங்ஸ், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சனிக்கிழமை காலை, கடையில் ஆள் வந்து ஃபில்டர் கேட்கிறார், எனக்குக் கை ஓடவில்லை. சியாட்டில் மைதானத்தில் இடைவேளையில் நான்கு சால்மன் மீன் வேஷக்காரர்கள் ஓடுகிற பந்தயம் ஒன்று உண்டு. ஹம்பி என்கிற மீன் அதில் ஜெயித்ததே இல்லை. அன்றைக்கு அது ஜெயித்தது. ‘போச்சு, இன்னைக்கு நம்ம நாள்’ என்று கத்திவிட்டேன். ஹோர்ஹே பொலாங்கோ அடித்து ஆட்டத்தை முடித்தார். மீன்காரன் ஊரில் மீன் ஜெயித்ததற்கு ஒருத்தன் குதிக்கிறானே என்று ஃபில்டர் கேட்டவர் என்னையே பார்த்தார்.

கால் ராலிக்கு எம்விபி கொடுக்காததில் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆரன் ஜட்ஜ் பெரிய ஆட்டக்காரர், 53 ஹோம் ரன், .331 பேட்டிங் சராசரி, எல்லாம் சரி. ஆனால் ராலி கேட்சர். கவசம் மாட்டி, ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார்ந்து எழுந்து, எந்தப் பந்து போடவேண்டும் என்று பிட்சருக்குச் சொல்லி, முழங்கால் தேய்கிற வேலை. கேட்சர்களில் அதுவரை அதிகம் அடித்தது 48. இவர் அதைத் தாண்டி 60-க்குப் போனார். யாங்கீஸ் சட்டை போட்டு இதைச் செய்திருந்தால் ஓட்டு எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இங்கே நம்ம ஊரில் எல்லோரும் சிஎஸ்கே. 2025-ல் முதல்முறையாகக் கடைசி இடம் வந்ததற்கே என் மாப்பிள்ளை முறைப் பையன் ஒருவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஐந்து கோப்பை வைத்திருக்கிறவனுக்கு இவ்வளவு துக்கம்! என்னைப் புரிந்துகொள்கிறவர்கள் ஆர்சிபி ரசிகர்கள்தான். ஆனால் அவர்களும் 18-வது சீசனில் கோப்பையைத் தூக்கி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ‘மாமா, பேசாம லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பக்கம் வந்துருங்க, நிம்மதியா இருக்கலாம்’ என்கிறான் அந்த மாப்பிள்ளை முறைப் பையன். அவன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: டாட்ஜர்ஸ் முதலாளிகள் பணத்தை வெளியே எடுக்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். எனக்கு டாட்ஜர்ஸ் வேண்டாம். அவர்கள் எடுப்பதில் பாதியாவது எங்கள் ஆள் எடுக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

தொடர் முடிந்ததும் நெய்லரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் மறுபடி எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் டெட்ராய்ட் ஆட்டத்தை முடித்து வைத்த பொலாங்கோவை நியூயார்க் மெட்ஸ் தூக்கிக்கொண்டு போனது. ராலி, ஹூலியோ, கிர்பி, வூ எல்லோரும் ஆடும் வயசில் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தையும் ஃபீலிக்ஸை வீணாக்கியது போல வீணாக்கப் போகிறார்களா என்பதுதான் டிபோட்டோவிடமும் முதலாளி ஜான் ஸ்டான்டனிடமும் என் கேள்வி. ஜூலைக் கடைசிவரை காத்திருந்து சந்தை விலைக்கு ஆள் பிடிப்பதைவிட, சீசன் தொடங்கும்போதே முழு அணியை இறக்குங்கள். வில்சனுக்கு மட்டும் தனியாக ஒன்று: முன்யோஸை ஏழாவதில் கூப்பிட்டாலும் யாரும் அபராதம் போடமாட்டார்கள்.