தோலைச் சீவச் சொன்னது யார்?

வெண்பூசணியைத் தராசில் வைத்து, தோலுக்கும் சேர்த்து எடை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, அப்புறம் அந்தத் தோலையே சீவிக் குப்பைக்கூடையில் போடுகிறார்களே, இதைக் கேட்க ஆளே இல்லையா?

சிங்கப்பூர்ப் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் புழுக்கத்துக்குக் கான்டனீஸ் சீனர் வீடுகளில் வைக்கும் பூசணி சூப்பைக் குடித்தவர்களுக்குத் தெரியும், அதில் தோல்தான் எல்லாம். உடம்புச் சூட்டைத் தணிப்பது தோல்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. தோல், உள்ளே இருக்கும் பஞ்சு, விதை, அத்தனையும் பானைக்குள் போகும். எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி போகும்வரை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், ஆனால் ஒரு கீற்றுகூடச் சீவ மாட்டார். இரண்டு மணி நேரம் சிறுதீயில் கிடந்தும் துண்டு கரையாமல் நிற்பது தோல் இழுத்துப் பிடித்திருப்பதால்தான். தோல் இல்லாத பூசணி குழைந்து கூழாகிவிடும்.

இன்று காலை ஈரச்சந்தையில் "தோலோடு வேண்டும்" என்றேன். கடைப்பையன் தலையாட்டினான். சந்தேகத்துக்குத் தோலைத் தொட்டுக் காட்டி, "இது அப்படியே இருக்கட்டும்" என்றேன். அதற்கும் தலையாட்டினான். காதில் பாட்டு, கண் கைப்பேசியில். நான் பர்ஸைத் திறந்து வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்கிறேன், சரக் சரக்கென்று பச்சைத் தோல் பட்டை பட்டையாக விழுகிறது! "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினால், அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சீவுகிறான். சீவியதோடு விட்டானா? கரண்டியை எடுத்து விதையையும் பஞ்சையும் ஒட்டச் சுரண்டி, காலடியில் கிடந்த கூடையில் அழுகின முட்டைகோஸ் இலைகளுக்கு மேலே தட்டிவிட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு துண்டை என் கையில் கொடுத்துச் சிரிக்கிறான். வேறு துண்டு கேட்டேன். முடியாதாம். வெட்டினது வெட்டினதுதானாம்.

வீட்டிலோ மற்றதெல்லாம் தயார். பன்றி எலும்பைப் பச்சைத் தண்ணீரில் இஞ்சியோடு போட்டுக் கொதிக்கவிட்டு, அழுக்கு நுரையைக் கொட்டி அலசி வைத்தாயிற்று. பார்லியைவிடப் பெரிதாக, நடுவே பழுப்புக் கோடு ஓடும் யீமாய் என்ற தானியம், பாதி பச்சையாகவும் பாதி பொரித்ததாகவும் அளந்து வைத்தாயிற்று. சீனாவில் குவாங்டோங்கின் சின்ஹுய் பக்கத்திலிருந்து வரும் பழைய மாண்டரின் ஆரஞ்சுத் தோலை ஊறவைத்து, கசக்கும் வெள்ளைச் சதையைக் கத்தி முனையால் வழித்தெடுத்தும் ஆயிற்று. மூன்று வருஷமாவது காத்துக் கிடந்தால்தான் அந்த ஆரஞ்சுத் தோலுக்கு மரியாதை, பழையதாக ஆக விலையும் ஏறும். அதே சந்தையில் பூசணித் தோல் குப்பைக்குப் போகிறது. வயிறு எரிகிறது.

இதற்கெல்லாம் காரணம் அந்தச் சமையல் வீடியோக்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். தோல் சீவி, குக்கரில் போட்டு, சூப் கட்டியை உடைத்துக் கொட்டி, "20 நிமிஷத்தில் பாரம்பரிய சூப்"! கொதிக்கவைத்தால் 3 மணி நேரம், ஆவியில் வைத்தால் 4 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கும் மக்களின் சூப் இது. தண்ணீர் வற்றினால் சுடுதண்ணீர்தான் ஊற்றுவார்கள், உப்பைக் கடைசியில்தான் போடுவார்கள். அவ்வளவு பொறுமையாகச் செய்கிற ஒன்றை 20 நிமிஷத்தில் முடித்துவிட்டு, அதே பெயரைச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

சரி, சந்தை வேண்டாமென்று பேரங்காடிக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். வரிசையாக எல்லாத் துண்டும் தோல் சீவி, நுரைத்தட்டில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி அடுக்கியிருக்கிறது. காய்க்கென்றே இருக்கிற உறையை உரித்துவிட்டு எதற்கு இத்தனை பிளாஸ்டிக்? அதை எடுத்துக்கொண்டு போக ஒரு பை கேட்டால் மட்டும் 5 காசு. 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் கட்டணம், வீணாவதைக் குறைப்பதற்காக. குறைக்கட்டும், நல்ல காரியம்தான். முதலில் அந்தத் தட்டைக் குறையுங்கள்.

கல்லாவில் ஆளாவது வைக்கிறார்களா? அதுவும் கிடையாது. நானே ஸ்கேன் செய்து, நானே பணம் கட்டி, நானே பையில் போட வேண்டும். அந்த இயந்திரம் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, கூப்பிட்டால் வர ஒருத்தரும் இல்லை!